நிலைக்கும் பெயர்



இன்று கல்லூரியில் படிக்கும் இளைஞர்களின் காதில் அடிக்கடி விழும் அறிவுரை ஒன்று உண்டு. "உங்களை நீங்களே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள்ளுங்கள்" என்பது அது. வேலை தேடும் வழிகளைக் கற்பிக்க வருவோர் இதனை ஒரு மந்திரம் போலவே ஓதுகின்றனர். உன் புகைப்படம் எவ்வாறு இருக்கவேண்டும், உன்னைப் பற்றி மூன்றே வரியில் எவ்வாறு சொல்லவேண்டும், எத்தனை பேர் உன்னைப் பின்தொடர வேண்டும் என்றெல்லாம் கணக்கும் சொல்கின்றனர். இவ்வறிவுரையை இகழ்வதற்காக நான் இங்கே வரவில்லை. நல்ல பெயர் வேண்டும் என்று விரும்புவது குற்றம் அன்று. ஆனால் ஒரு பெயர் எதனால் நிற்கிறது, எதனால் சாய்கிறது என்று சற்றே ஆராய்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு அவ்வறிவுரையைக் கைக்கொள்வது நல்லது.

முதலில் அச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிராண்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலப்பொருள் நெருப்புக் கொள்ளி. பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் மாட்டின் தோலில் இட்ட சூட்டுக்குறிக்கு அது பெயராயிற்று; பின்னர் பீப்பாயின் மீதும் பெட்டியின் மீதும் வணிகர் இட்ட முத்திரைக்கு ஆயிற்று; இன்று மனிதருக்கும் ஆகியிருக்கிறது. சூட்டுக்குறி மாட்டின் குணத்தைச் சொல்லாது. மாடு யாருடையது என்பதை மட்டுமே சொல்லும்.

நம் காவிரிப் படுகையிலும் இதனை ஒத்த வழக்கம் ஒன்று இருந்தது. அறுவடைக்குப் பின் களத்தில் குவித்த நெல்லின் மீது சாம்பலாலோ களிமண்ணாலோ முத்திரை இடுவர். இரவில் எவரேனும் கை வைத்தால் முத்திரை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அம்முத்திரை உடைமையைக் காத்ததேயன்றி, நெல் நல்லதா பதரா என்பதைச் சொல்லியதில்லை. அதை அறிய விரும்பியவர் ஒரு பிடி நெல்லை அள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்தார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். முத்திரை வேறு, மணி வேறு.

தமிழில் நாம் "பெயர் எடுத்தான்" என்கிறோம். "நல்ல பெயர் வாங்கினான்" என்கிறோம். பெயர் என்பது பிறர் கையில் இருப்பது, அவர்களிடமிருந்து நாம் பெறவேண்டியது என்னும் எண்ணம் இவ்வழக்குகளிலேயே அடங்கியிருக்கிறது. தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மாற்றுச் சான்றிதழ்களில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றில் "நடத்தை" என்று ஒரு கட்டம் இருக்கும். மாணவன் தானே நிரப்பிக்கொள்ள இயலாத கட்டம் அது ஒன்றே.

இனி, நம் மண்ணில் ஒருவர் பெயர் எடுத்த வரலாற்றைச் சிறிது விரிவாகப் பார்ப்போம். பாபநாசத்திற்கு அருகில் உள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைப்புலமை உடையவர், பொருள்வளம் இல்லாதவர். குழந்தைக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்றும், அதையும் சுருக்கிச் சாமா என்றும் அழைத்தனர். பதினாறு வயதளவில் அவ்விளைஞர் மாயூரத்திற்குச் சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். வேங்கடராமன் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா என்று பிள்ளையவர்கள் வினவ, வீட்டில் வழங்கிய பெயரை இளைஞர் கூறினார். அன்றுமுதல் அவர் சாமிநாதன் ஆனார்.

உ. வே. சா. என்னும் மூன்று எழுத்துகளை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். தமிழ்நாட்டில் அவற்றை விரித்துச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அம்மூன்றையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். "உ" ஊர் தந்தது. "வே" தந்தை தந்தது. "சா" வீட்டார் வழங்க, ஆசிரியர் தேர்ந்து நிலைநிறுத்தியது. தமிழுலகம் நன்கறிந்த இந்த முத்திரையில் அவராகச் செய்துகொண்டது ஓர் எழுத்தும் இல்லை. அவர் செய்தது அவ்வெழுத்துகளுக்குப் பின்னால் இருந்த வேலை.

அந்த வேலை எவ்வாறு தொடங்கிற்று என்பதே நீங்கள் கவனிக்கவேண்டிய இடம். 1876-இல் பிள்ளையவர்கள் காலமானார்கள். சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்துவந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், உடல்நலக் குறைவால் ஓய்வு பெறும்போது, தம் இடத்திற்கு இவரே தகுந்தவர் என்று எடுத்துரைத்தார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. 1880-ஆம் ஆண்டில் சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரானார். வயது இருபத்தைந்து, மதிப்பான வேலை, மாணவர்களிடையே நல்ல பெயர். இந்நாளைய கணக்குப்படி பார்த்தால் அவருக்குப் "பிராண்டு" அமைந்துவிட்டது.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, தலபுராணம் என்று தாம் கற்றவற்றை இவர் அடுக்கினார். அது குறுகிய பட்டியல் அன்று. அக்காலத்துப் பெரும்புலவர் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் முறையாகக் கற்ற கல்வி அது. முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். இல்லை என்பதே விடையாக இருந்தது. அந்நூல்கள் பாடம் சொல்வாரின்றி ஏட்டிலே உறங்கிக்கிடந்த காலம் அது.

நம்மில் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? வக்கீல் படிப்புப் படித்தவருக்குத் தமிழ்ப் பாடமுறை பற்றி என்ன தெரியும் என்று மனத்திற்குள் முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம். தம்மிடம் இருந்த பெயரைக் காத்துக்கொள்ள அதுவே எளிய வழி. சாமிநாதையர் அவ்வாறு செய்யவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டுவந்து படித்தார். பல இடங்கள் விளங்கவில்லை. அது சமண காவியம். இவரோ சைவ மடத்தில் வளர்ந்த அந்தணர். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று, அவர்கள் சமயக் கொள்கைகளை மாணவனாக இருந்து கேட்டறிந்தார். கல்லூரியில் ஆசிரியர், வெளியே மாணவர். ஏழு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. ஏட்டுப் பிரதிகளை ஊர் ஊராகத் தேடித் திரட்டி ஒப்புநோக்கினார். அச்சுச் செலவுக்குக் கைப்பொருள் போதாது; முன்கூட்டியே கையொப்பமிட்டு உதவுவோரை நம்பி வேலையில் இறங்கினார். விடுமுறை நாட்களில் சென்னைக்குச் சென்று அச்சுப் படிகளைத் திருத்தினார். 1887-இல் நச்சினார்க்கினியர் உரையோடு சீவக சிந்தாமணி வெளிவந்தது.

ஒரு வேலையை முழுமையாகச் செய்தால், அதுவே அடுத்த வேலையைக் காட்டிவிடும். நச்சினார்க்கினியர் தம் உரையில் பழைய நூல்களிலிருந்து எண்ணற்ற அடிகளை எடுத்துக்காட்டுகிறார். பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்வதில்லை. அவ்வடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடப் புகுந்தபோது, சங்க நூல்கள் ஒவ்வொன்றாய் இவர் கண்ணுக்குப் புலப்பட்டன. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை, 1903-இல் ஐங்குறுநூறு, 1904-இல் பதிற்றுப்பத்து, 1918-இல் பரிபாடல், 1937-இல் குறுந்தொகை என்று பதிப்புகள் தொடர்ந்தன. குறுந்தொகை வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. ஒரு நாள் ஒருவர் கேட்ட கேள்விக்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் விடை சொல்லிக்கொண்டே இருந்தார் எனலாம்.

இத்துறையில் அவர் தனியே நின்றவர் என்று எண்ணுதல் தவறு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை அவருக்கும் முன்னரே இப்பணியில் இறங்கியவர். 1881-இல் வீரசோழியத்தையும் 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தவர். அவர் பெயரை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? புகழ் எப்போதும் உழைப்பின் அளவுக்கு ஒத்துவருவதில்லை என்பதற்கும் இத்துறையே சான்று. ஆதலால் புகழைக் குறிவைத்து உழைப்பவர் ஏமாறக்கூடும்.

இன்றைய பிராண்டு ஆசிரியர்கள் "விழுமியங்கள்" என்று ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சுயவிவரக் குறிப்பில் நேர்மை, கடின உழைப்பு, குழு மனப்பான்மை என்று எழுதிவிட்டால் விழுமியம் வந்துவிட்டது என்பது பலருடைய எண்ணம். உ. வே. சா.வின் விழுமியங்களை அறியவேண்டுமாயின் அவர் பதிப்புகளைத் திறந்து பாருங்கள். ஒரு சொல்லுக்குப் பிரதிகளில் வேறு வேறு பாடங்கள் இருந்தால், தமக்குச் சரியென்று பட்டதை மட்டும் அச்சிட்டு மற்றவற்றை மறைத்துவிடாமல், அவற்றையும் கீழே குறித்திருப்பார். படிப்பவர் தம்மோடு மாறுபடுவதற்கு வேண்டிய கருவியைத் தாமே கொடுத்து வைத்தார் என்று பொருள். ஏடு தந்து உதவியவர்களை முகவுரையில் பெயர் சொல்லிக் குறித்திருப்பார். மணிமேகலையைப் பதிப்பிக்கப் பௌத்த சமய அறிவு வேண்டியிருந்தபோது, உடன் பணியாற்றிய பேராசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார், அந்நன்றியையும் மறைத்தாரில்லை. நேர்மை என்ற சொல்லை அவர் தம் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளவில்லை. அடிக்குறிப்பிலே வைத்தார்.

சென்னைக்கு மாற்றலாகிச் சென்று திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வீட்டுக்கு அவர் என்ன பெயர் வைத்தார், தெரியுமா? "தியாகராச விலாசம்". தமக்குக் கும்பகோணத்தில் வேலை வாங்கித்தந்த செட்டியாரின் பெயர் அது. தம் ஆசிரியர் பிள்ளையவர்களின் வரலாற்றை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி முடித்தார். அதன் பின்னரே தம் வரலாற்றைத் தொடங்கினார். "என் சரித்திரம்" ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே, 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தார், நூல் முற்றுப்பெறவில்லை. அந்நூலைப் படித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். எழுதியவரைக் காட்டிலும், அவருக்கு உதவியவர்களே அதில் மிகுதியாக வருகிறார்கள்.

"ஐயா, அவர் பெரும்புலவர், எங்களைப் போன்றவர்களுக்கு இது பொருந்துமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே அண்மைக் காலத்தவர் ஒருவரைச் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்று ஓர் ஊர். அங்கே பணியாற்றிய ஜெயராமன் என்பவரைத் தமிழ்நாடு "நெல் ஜெயராமன்" என்றே அறியும். சிலருக்குப் பட்டம் பெயருக்குப் பின்னால் வரும். இவருக்கு நெல் முன்னால் வந்தது. இவர் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர் அல்லர். நுகர்வோர் நலப் பணியில் ஈடுபட்டிருந்தவர். இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்த நம்மாழ்வாரோடு தாமும் நடந்தவர். அந்நடைகளில் உழவர் சிலரிடம் எஞ்சியிருந்த பழைய நெல் விதைகள் கைக்கு வந்தன.

அவை எஞ்சியவையாக ஏன் ஆயின என்பதையும் அறியவேண்டும். 1960-களில் நாட்டில் உணவுப் பஞ்சம் அச்சுறுத்திய காலத்தில், தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்னும் நெல் வந்தது, பின்னர் ஐ.ஆர். 8 முதலிய குட்டை ரகங்கள் பரவின. விளைச்சல் பெருகிற்று. பசித்த வயிறுகளுக்கு அது செய்த உதவியை இன்று வயிறார உண்டுவிட்டுக் குறைகூறுவது முறையன்று என்பது என் கருத்து. ஆயினும் ஒன்று வந்தபோது மற்றொன்று போயிற்று. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் காட்டுயானம், கடலோர உவர் நிலத்திலும் முளைக்கும் குழியடிச்சான், குறுகிய காலத்தில் விளையும் பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்று தாத்தாக்கள் நாவில் புழங்கிய பெயர்கள், பேரன்மார்க்கு வெறும் கதையாயின. வயலில் நெல் இல்லாமற் போனபின் அதன் பெயரைக் காப்பது எவ்வாறு?

ஜெயராமன் கண்ட வழி மிக எளியது. 2006-இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கிற்று. வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார்கள். விலை கிடையாது. ஆனால் அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு அவ்வுழவர் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்; அது வேறு இருவருக்குப் போகும். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள். விதைநெல்லைப் பெட்டியில் பூட்டி வைத்தால் சில ஆண்டுகளில் முளைப்புத் திறன் கெட்டுவிடும். ஆண்டுதோறும் மண்ணில் விழுந்து எழுந்தால்தான் அது விதையாக இருக்கும். ஆகவே காப்பதற்கு வழி கொடுப்பதே ஆகிறது. அன்றியும், திருப்பித் தருவேன் என்னும் வாக்கினால் வாங்குபவர் வெறும் வாங்குபவராக நிற்பதில்லை, அவரும் காவலராகிவிடுகிறார். இவ்வாறு மீட்கப்பட்ட ரகங்கள் நூற்றெழுபதைத் தாண்டின. 2018 டிசம்பர் 6-ஆம் நாள், புற்றுநோயால் ஜெயராமன் காலமானார். அகவை ஐம்பதளவே. 2021-இல் தமிழ்நாடு அரசு தன் முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், மரபு நெல் பாதுகாப்புக்கென அவர் பெயரிலேயே ஓர் இயக்கத்தை அறிவித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பெயர் நிலைத்தபின் அப்பெயருக்கே ஆபத்து வரும். மாப்பிள்ளைச் சம்பா என்று எழுதிய அழகிய பைகளை இன்று நகரத்துக் கடைகளில் காண்கிறோம். எந்த ஊர் வயலில் விளைந்தது என்று ஒரு கடைக்காரரை நான் கேட்டேன். "பையில் போட்டிருக்குமே ஐயா" என்றார். பையில் போட்டிருக்கவில்லை. களத்து முத்திரையையும் மணியையும் பற்றி முன்னர்ச் சொன்னேன் அல்லவா? முத்திரை மட்டும் பயணம் செய்து மணி பின்தங்கிவிடும் இடம் இது. மனிதருக்கும் இதுவே நேர்கிறது. ஒரு நல்ல செயலுக்காகப் பத்துப் பேர் பாராட்டிவிட்டால், அடுத்த நாள் முதல் அச்செயலைச் செய்வதைவிடப் பாராட்டைப் பாதுகாப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவன், பெயர் போய்விடுமே என்று அஞ்சிச் சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிடுவதைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். பெயர் அவனுக்கு உதவவில்லை. அவன் பெயருக்கு ஊழியம் செய்யத் தொடங்கிவிடுகிறான். முதலியார் முன் "இல்லை, படித்ததில்லை" என்று சொன்ன கல்லூரி ஆசிரியரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள்! சரி. "நான் யார்" என்பதைப் பற்றி இப்போதே மூன்று வரி எழுத முயலாதீர்கள். பதினெட்டு வயதில் அதற்கு விடை இருக்காது, இருந்தாலும் சரியாக இராது. அதற்குப் பதிலாக, உங்களால் விடை சொல்ல முடியாமற்போன கேள்வி ஒன்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் ஏன் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை என்பதாக இருக்கலாம். உங்கள் பாட்டி சொல்லும் ஒரு சொல் அகராதியில் ஏன் இல்லை என்பதாக இருக்கலாம். அதைப் பற்றி அறிந்தவரிடம், அவர் எந்தச் சாதியினரானாலும் சமயத்தினரானாலும், சென்று கேளுங்கள். கேட்டதை நாளும் மாதமும் இட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் அருகிலேயே எழுதுங்கள். ஓராண்டு கழித்து அக்குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தால், உங்களைப் பற்றிய செய்தி அதில் தானாகவே சேர்ந்திருக்கும். பிறகு அதை எந்தத் தளத்தில் வேண்டுமானாலும் வெளியிடுங்கள், எனக்கு மறுப்பில்லை.

கும்பகோணத்துக்குப் போகிறவர்கள் அப்படியே உத்தமதானபுரத்துக்கும் போய்வாருங்கள். அங்கே உ. வே. சா.வின் இல்லம் அரசின் நினைவு இல்லமாக இருக்கிறது. திருவல்லிக்கேணித் தியாகராச விலாசத்தை இனிக் காண முடியாது. 2012-இல் அதை இடித்துவிட்டார்கள். ஆனால் அவர் தேடித்தேடிச் சேர்த்த சுவடிகள், 1943-இல் அவர் பெயரால் தொடங்கிய நூலகத்தில், இன்று சென்னைப் பெசன்ட் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. ஆராய்ச்சி மாணவர்கள் இன்றும் அங்கே சென்று ஏடுகளைப் பார்க்கிறார்கள்.